ஒப்புதல் பெற்ற இரத்தம்

தன் பன்றிகள் இறந்துவிட்டன என்பதை வாரியத்திடம் எப்படி மரியாதையாகத் தெரிவிப்பது என்று ஒச்சாயிக்குத் தெரியவில்லை. வாரியம் அவளுக்கு நன்மையே செய்திருந்தது. நன்மை செய்தவர்களிடம் போய், நீங்கள் காப்பாற்றியவை செத்துப்போயின என்று சொன்னால் நன்றி கெட்டவள் என்று எண்ணிவிடக்கூடும். ஆகவே அவள் துவைத்த சேலை உடுத்தி, அவிநாசிபாளையத்தில் பேருந்து ஏறி, திருப்பூரில் வாரிய அலுவலகத்தின் படிக்கட்டில் ஓரமாக நின்று, சொல்ல வேண்டிய வாக்கியத்தை வாய்க்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒச்சாயி உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்தவள். பல ஆண்டுகள் செக்கிங் மேசையில் நின்று, தைத்து வந்த பனியன்களில் ஓட்டையும் கறையும் தேடினாள். கண் மங்கியபோது கம்பெனி அவளில் ஓட்டை கண்டது. பிறகு தாராபுரம் சாலையோரம் ஒரு துண்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, தகரக் கொட்டகை போட்டு, வெண்பன்றி வளர்க்கத் தொடங்கினாள். தொழிலாளர் விடுதிகளில் மிஞ்சும் சோற்றை சுப்பையன் என்பவர் தம் வேனில் கொண்டுவந்து இறக்குவார். அதை அவள் மறுபடி வேகவைத்து ஆறவிட்டு, தொட்டிகளில் ஊற்றுவாள்.

வாரியத்தின் முழுப்பெயர் மண்டலப் பன்றி எதிர்ப்புத்திறன் ஒப்புதல் வாரியம். அதன் தலைவர் திரு. தரணீதரன் கால்நடை மருத்துவர் அல்லர். ஏற்றுமதி நிறுவனமொன்றில் தரக்கட்டுப்பாட்டு மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மருத்துவர்கள் நோயைத்தான் பார்ப்பார்கள், தரத்தைப் பார்க்கமாட்டார்கள் என்பது அவரை நியமித்தவர்களின் கருத்து. அந்தக் கருத்தில் குறை காண நமக்குத் தகுதியில்லை.

திருப்பூரில் ஒரு வழக்கம் உண்டு. ஆயிரக்கணக்கில் சட்டை தைப்பதற்கு முன்னால் ஒரே ஒரு சட்டையைத் தைத்து, வாங்குகிறவரின் பார்வைக்கு வைப்பார்கள். அவர் கையெழுத்திட்டு, அட்டை கட்டி, உறையிலிட்டு முத்திரை வைப்பார். அது ஒப்புதல் மாதிரி. அதன்பின் உலகில் எது மாறினாலும் அது மாறாது. தரணீதரன் இந்த நல்வழக்கத்தைப் பன்றிகளுக்கும் விரிவுபடுத்தினார்.

பன்றிகளுக்கு மட்டும் வரும் கொள்ளைக் காய்ச்சலுக்கான தடுப்பூசி விழா ஒச்சாயியின் கொட்டகையில்தான் நடந்தது. பந்தல் போட்டார்கள். மருந்துப் பெட்டியை எல்லோரும் காணும்படி மேடை முன்னால் திறந்து வைத்தார்கள். புகைப்படத்திற்காக முதல் ஊசி, வெள்ளச்சி என்ற பெண்பன்றிக்குப் போடப்பட்டது. பிறகு சொற்பொழிவுகள் தொடங்கின.

“ஒரு பனியனைப் பார்த்துட்டு ஒரு கண்டெய்னரையே பாஸ் பண்ற ஊருங்க இது,” என்றார் தரணீதரன். “ஒரு பன்னியைப் பார்த்துட்டு ஒரு கொட்டாயைப் பாஸ் பண்ண முடியாதுங்களா? வெள்ளைக்காரனே நம்ம மாதிரியை நம்பறானுங்க. கிருமி நம்பாதுங்களா?”

கைதட்டல் நீண்டது. பெட்டியிலிருந்த பனிக்கட்டி தண்ணீராயிற்று, தண்ணீர் வெந்நீராயிற்று. சோறு வைக்கும் நேரம் கடந்ததால் பன்றிகள் பசியில் கத்தின. பேச்சாளருக்கு இடையூறாயினும், வீடியோக்காரர் அந்தச் சத்தத்தைத் தெளிவாகப் பதிவு செய்தார். எல்லாம் முடிந்தபின், மீதிப் பன்றிகளுக்கு வெந்நீரில் மிதந்த மருந்து செலுத்தப்பட்டது.

சில வாரங்கள் கழித்து வெள்ளச்சியிடமிருந்து மட்டும் இரத்தம் எடுத்தார்கள். வாரியத்தின் ஆய்வகத்தில் பணிபுரியும் கீர்த்தனா என்ற பெண் அதைச் சோதித்து, இதன் செல்கள் கிருமியை நினைவில் வைத்திருக்கின்றன என்று அறிவித்தாள். அந்த இரத்தம் குப்பியில் அடைக்கப்பட்டு, அட்டை கட்டப்பட்டு, சிவப்பு அரக்கு வைத்து ஒப்புதல் மாதிரியாயிற்று. கொட்டகை முழுவதும் தேர்ச்சி பெற்றது.

பிறகு காய்ச்சல் வந்தது. கிருமிக்கு யாரும் தகவல் கொடுத்திருக்கவில்லை போலும். முதலில் பன்றிகள் சோற்றைத் தொடாமல் நின்றன. பிறகு கொளுத்தும் வெயிலில், குளிர்காலம் போல, ஒன்றன்மேல் ஒன்றாக மூலையில் குவிந்து கிடந்தன. காதுகள் நாவற்பழ நிறமாயின. எழுந்தவை பின்கால் தள்ளாடி விழுந்தன. வெள்ளச்சியும் படுத்தது, ஆனால் ஒரு காலையில் எழுந்து, தண்ணீர்த் தொட்டிவரை தானாக நடந்து போய்க் குடித்தது. மற்றவை எழவில்லை.

இதைச் சொல்லத்தான் ஒச்சாயி வந்திருந்தாள்.

“சார், பன்னியெல்லாம் செத்துப்போச்சு சார்.”

“எந்தப் பன்னிங்க அம்மணி?” என்றார் தரணீதரன், நாற்காலி காட்டி.

“என் பன்னிதான் சார். நீங்க ஊசி போட்டுவிட்டது.”

“அது பாஸான லாட்டுங்களே, மொத்தக் கொட்டாயும்.”

“ஆமா சார். செத்துப்போச்சு.”

“பாஸான லாட் எப்படிங்க சாகும்? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. வெயிலுக்குத் தூங்கிட்டிருக்குங்க.”

“குழி தோண்டிப் பொதைச்சுட்டேன் சார்.”

தரணீதரன் கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார். அவர் முகத்தில் உண்மையான வருத்தம் தெரிந்தது.

“அவசரப்பட்டுட்டீங்க அம்மணி,” என்றார்.

பிறகு அவர் நிலைமையைப் பொறுமையாக விளக்கினார். இந்த மண்டலம் நோயற்ற மண்டலம் என்று அறிவிக்கப்படவிருக்கிறது. தில்லியிலிருந்து ஆய்வுக் குழு வருகிறது. இங்கே காய்ச்சல் வரவில்லை. வராத காய்ச்சலால் எதுவும் சாக முடியாது. ஆகவே அவளுடைய பன்றிகள் உயிரோடு இருக்கின்றன. அவை கண்ணுக்குத் தெரியவில்லை என்பது வேறு விஷயம்.

“அப்ப வெள்ளச்சியக் கேளுங்க சார்,” என்றாள் ஒச்சாயி. “அது ரத்தத்துல இருக்குமுல்ல? நோவு வந்துச்சா இல்லையான்னு அது சொல்லட்டும்.”

அறிவியலை வாரியம் ஒருபோதும் மறுத்ததில்லை. கீர்த்தனா மறுபடியும் அனுப்பப்பட்டாள்.

அவள் முடிவோடு திரும்பி வந்த நாளில், வெள்ளச்சி வெற்றுப் பட்டியொன்றின் கம்பியில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றது. காய்ச்சலிலிருந்து மீண்டபின் சோற்று நேரத்தில் அது அப்படித்தான் நின்றது. ஒவ்வொரு பட்டியாகப் போய், உள்ளே பார்த்து, சற்றுக் காத்திருந்து, அடுத்ததற்குப் போகும். ஊருக்கே தெரிய அது சினையாக இருந்தது.

“அக்கா, செல்லு நினைவு வெச்சிருக்கறதை எப்படிப் பார்ப்போம்னா,” என்று கீர்த்தனா தணிந்த குரலில் தொடங்கினாள், “ரத்தத்துல இருக்கற செல்லுககிட்டக் கிருமியோட துண்டுகளைக் காட்டுவோமுங்க. முன்னே பார்க்காத செல்லு சும்மா கிடக்கும். பார்த்த செல்லு விழிச்சுக்கும், சண்டைக்கு நிக்கும், பெருகும்.”

“சரி.”

“நாம போட்ட ஊசில கிருமியோட ஒரே ஒரு துண்டுதானுங்க இருக்குது. ஒரு சட்டையில பட்டனை மட்டும் காட்டற மாதிரி. முன்னே எடுத்த ரத்தத்துல பட்டனுக்கு மட்டும்தான் முழிச்சுதுங்க. இப்ப…”

“இப்ப?”

“காலர், கை, பாக்கெட்டு, தையல், எல்லாத்துக்கும் முழிக்குதுங்கக்கா. முழுச் சட்டையவும் பார்த்திருக்குது.”

“அப்ப நோவு வந்துச்சுன்னு சொல்லுது.”

“சொல்லுதுங்க.” கீர்த்தனா சாலையை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். “கத்திச் சொல்லுதுங்க.”

ஒச்சாயிக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி வாரியக் கூட்டம்வரை நீடித்தது.

கூட்டத்தில் மேசையின் நடுவே அரக்கு வைத்த குப்பி பட்டுத்துணியின்மேல் இருந்தது. அதன் பக்கத்தில், துணியில்லாமல், புதிய இரத்தம் இருந்த குப்பி. தரணீதரன் இரண்டையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“ஒப்புதல் மாதிரிக்கும் இதுக்கும் ஒத்துப்போகலீங்க,” என்றார். “ஒத்துப்போகலைன்னா என்ன அர்த்தமுங்க? மாதிரி தப்பா, பீஸ் தப்பா? என் சர்வீஸ்ல மாதிரி தப்பானதே கிடையாதுங்க.”

“ரெண்டும் வெள்ளச்சி ரத்தந்தான சார்? அன்னைக்கும் இதுட்டதான எடுத்தீக?” என்றாள் சுவரோரம் நின்றிருந்த ஒச்சாயி.

“அன்னைக்கு எடுத்தது வெள்ளச்சிகிட்டங்க. இது வெள்ளச்சியோட ஒத்துப்போகல. அப்ப இது வெள்ளச்சி இல்லீங்க.”

உறுப்பினர்கள் தலையசைத்தார்கள். கீர்த்தனா தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இன்னொண்ணு சொல்றனுங்க,” என்று அவர் எழுந்து நின்றார். எழுந்து நின்றால் சொற்பொழிவு என்று பொருள். “நாம ஊசியில என்ன கொடுத்தமோ, அதைத்தான் பன்னி நினைவு வெச்சுக்கோணும். அது ஒழுக்கமான எதிர்ப்புத்திறனுங்க. நாம கொடுக்காததையும் நினைவு வெச்சிருக்குதுன்னா, அதுக்கு யாரு கொடுத்தது? நடக்காத ஒண்ணை நினைவு வெச்சிருக்கறதுக்குப் பேரு எதிர்ப்புத்திறன் இல்லீங்க. வதந்திங்க! ஒரு பன்னியோட ஒவ்வொரு சொட்டு ரத்தத்துலயும் வதந்தி ஓடுதுங்க. இது மண்டலத்துல பரவினா என்ன ஆகறது? காய்ச்சலைக்கூடத் தாங்கிக்கலாமுங்க.”

ரிஜெக்ட் ஆன சட்டை சந்தைக்குப் போய்விடாதபடி அதைக் கத்தரித்து விடுவது ஏற்றுமதி நிறுவனங்களின் வழக்கம். அதே வழக்கப்படி, ஆய்வுக் குழு வந்துபோன மறுநாள் அந்த விலங்கை அப்புறப்படுத்துவது என்று ஏகமனதாக முடிவாயிற்று.

“சினையா இருக்கு சார்,” என்றாள் ஒச்சாயி. “எனக்கு அது ஒண்ணுதான் சார் மிச்சம்.”

“சினைங்களா?” தரணீதரன் கவலையோடு உட்கார்ந்தார். “அப்ப ரிஜெக்ட் இன்னும் பெருகுமுங்களே அம்மணி.”

ஆய்வுக் குழுவுக்கான ஏற்பாடுகள் குறைவின்றி நடந்தன. கொட்டகைக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். பட்டிகளுக்குப் பூமாலை கட்டினார்கள். விடுதிச் சோறு முன்போலவே முழு அளவில் வரவேண்டும் என்று சுப்பையனுக்கு உத்தரவு வந்தது.

“ஏனக்கா,” என்றார் அவர், சோற்று அண்டாக்களை இறக்கியபடி, “உசுரோட இருக்கறப்ப அண்டா குறைஞ்சுதுன்னு நீங்க என்னைத் திட்டுவீங்க. இப்பச் செத்ததுகளுக்கு ஒரு அண்டா குறையக்கூடாதுன்னு ஆபீஸ்ல திட்டறாங்க. என்ற வேனுக்கு இது பித்ரு காரியமுங்க.”

“வாய மூடிட்டு எறக்குய்யா.”

“யாரு திங்கறது?”

அவள் அடுத்த அண்டாவின் காதைப் பிடித்து இழுத்தாள். சுப்பையன் பட்டிகளைப் பார்த்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு வேகமாக வேனை எடுத்தார்.

குழு உச்சிவேளையில் வந்தது. உயிரிப் பாதுகாப்பு விதிப்படி யாரும் உள்ளே வரக்கூடாது. எனவே சாலையோரம் பச்சைக் கம்பளம் விரித்து, குழுவினரை அங்கே நிறுத்தி, கொட்டகையைத் தூரத்திலிருந்து காட்டினார்கள். வெயிலின் கூச்சத்தில் தகரக்கூரையின்கீழ் பட்டிகளுக்குள் இருந்த இருட்டைத்தான் அவர்களால் காண முடிந்தது. தரணீதரன் கைக்குட்டையை அசைத்தார். பட்டிகளுக்குள் வைத்திருந்த ஒலிபெருக்கிகள் உயிர்பெற்றன.

தடுப்பூசி விழா அன்று வீடியோக்காரர் பதிவு செய்த சத்தம் அது.

ஒச்சாயி தொட்டியருகே நின்றிருந்தாள். முதலில் அவளுக்கு அது வெறும் சத்தமாகத்தான் இருந்தது. பிறகு அதில், செத்துப்போன கோணக்காதன் என்ற ஆண்பன்றியின் குரல் பிரிந்தது; அவன் கத்தும்போது நடுவில் ஒரு இருமல் வரும், அது வந்தது. சோற்றுக்கு முந்திக்கொள்ளும் பெரிய பெண்பன்றியின் உறுமல் வந்தது. குட்டிகள், எதற்கென்று தெரியாமல் பெரியவற்றோடு சேர்ந்து கத்துபவை, கத்தின. ஒவ்வொன்றும் தன் தன் பட்டியிலிருந்து கத்தியது. யார் ஒலிபெருக்கிகளை வைத்தார்களோ, அவர்களுக்கு எந்தப் பன்றி எந்தப் பட்டியில் இருந்தது என்று தெரிந்திருக்க வழியில்லை.

வெள்ளச்சி அசையாமல் நின்றது. பிறகு ஓடியது. கனத்த வயிறு ஆட, முதல் பட்டிக்கு ஓடி, கம்பிக்குள் மூக்கை நுழைத்து, தாழ்ந்த குரலில் பதில் கொடுத்தது. உள்ளே குரல் இருந்தது, வேறெதுவும் இல்லை. அடுத்த பட்டிக்கு ஓடியது. அங்கும் குரல் இருந்தது.

அன்று பேச்சு முடியும்வரை அவை பட்டினியாக நின்றது ஒச்சாயிக்கு நினைவு வந்தது. தான் என்ன செய்கிறோம் என்று அறியாமலே வாளியை எடுத்து, ஆறிய சோற்றை வெற்றுப் பட்டிகளின் தொட்டிகளில் ஒவ்வொன்றாக ஊற்றத் தொடங்கினாள். “இந்தா, இந்தா, வந்துட்டேன்,” என்றாள். சத்தம் குறையவில்லை.

குழுவினர் நெகிழ்ந்தார்கள். இத்தகைய பராமரிப்பைத் தாங்கள் கண்டதில்லை என்று குழுத் தலைவர் இந்தியில் கூறினார். ஆனால் அவர் அனுபவசாலி.

“எத்தனை இறந்தன?” என்று கேட்டார்.

“ஒண்ணுகூட இல்லீங்க,” என்றார் தரணீதரன் பெருமையுடன், அது மொழிபெயர்க்கப்பட்டது.

குழுத் தலைவரின் முகம் சுருங்கியது. ஒன்றுகூட இறக்காத பண்ணையை நம்ப முடியாது. குறையே இல்லாத இடத்தில் ஏதோ மறைக்கப்படுகிறது என்றார். தரணீதரனுக்கு அது தெரியாததல்ல. வாழ்நாள் முழுவதும் அவரே அதைத்தான் மற்றவர்களிடம் சொல்லிவந்தார். அவருக்கு உடனடியாக ஒரு சாவு தேவைப்பட்டது. கண்ணெதிரே தெரிந்த பன்றி ஒன்றே ஒன்றுதான்.

“ஒண்ணு செத்துதுங்க,” என்று அவர் வெள்ளச்சியைச் சுட்டிக்காட்டினார். “அதோ, அதுதானுங்க. இயற்கை மரணம்.”

குழுவினர் பட்டிக்குப் பட்டி ஓடிக்கொண்டிருந்த வெள்ளச்சியைச் சற்று நேரம் பார்த்து, தங்கள் வருத்தத்தைத் தெரிவித்துக்கொண்டார்கள். மண்டலம் நோயற்றதாக அறிவிக்கப்பட்டது.

மறுநாள் கத்தியோடு வரவேண்டியவர்கள் வரவில்லை. தரணீதரன்தான் வந்தார், சாலையிலேயே நின்று பேசினார்.

“செத்ததை இன்னொரு வாட்டி கொல்றதுக்கு வாரியத்துக்கு அதிகாரமில்லீங்க அம்மணி. நானும் எல்லா விதியும் பார்த்துட்டனுங்க.”

“அப்ப விட்டுருவீகளா சார்?” ஒச்சாயி கும்பிட்டாள். “புண்ணியமாப் போகும் சார்.”

“விடறதுக்கு அங்க என்னங்க இருக்குது?” என்றார் அவர் மென்மையாக. வெள்ளச்சி அவருடைய குரல் கேட்டு நிமிர்ந்து பார்த்தது. அவர் அதன் ஊடாக அப்பாலிருந்த சுவரைப் பார்த்தார். அவ்வளவு பழகிய பார்வை அது. “ஆனா உசுரோட இருக்கறதுக நல்லா இருக்கோணுமுங்க. சோறு நேரத்துக்குப் போட்டுருங்க. சத்தம் நிக்கக்கூடாது. தில்லிக்காரங்க எப்ப வேணா திரும்ப வருவாங்க. தினமும் உச்சிக்கு நானே போன் பண்றனுங்க. போனைப் பட்டிக்கிட்டக் காட்டுங்க, நான் கேட்டுக்கறேன்.”

அப்படியே நடந்தது. நேரம் பார்த்துத் தாமே ஒலிக்கும்படி ஒலிபெருக்கிகளை வாரியம் அமைத்துக் கொடுத்தது. நாள்தோறும் உச்சிவேளையில் இறந்தவை கத்தின. நாள்தோறும் ஒச்சாயி அவற்றுக்குச் சோறு ஊற்றி, மாலையில் அதைக் காக்கைகளுக்கு வாரி இறைத்தாள். அதில் ஒரு பங்கை, இறந்துபோன வெள்ளச்சி, யாரும் பார்க்காதபோது தின்று பிழைத்தது. சாலையில் ஜீப் சத்தம் கேட்டால் ஒச்சாயி அதைக் கொட்டகையின் பின்புறம் ஓட்டி, சாக்குப் படுதாவை இழுத்துவிடுவாள். ஒலிபெருக்கிக்குப் பதில் கொடுப்பதை அது மெல்ல நிறுத்திவிட்டது. கேட்டுக்கொண்டு மட்டும் நின்றது.

வெள்ளச்சி குட்டிகளை ஈன்றது. அவை முட்டி மோதி முதற்பாலைக் குடித்து, கண் சொருகித் தூங்கின. ஓடியாடத் தொடங்கிய வயதில் ஒரு நாள் கீர்த்தனா வந்தாள். அவளை யாரும் அனுப்பவில்லை. குட்டிகளின் காதோரத்தில் சிறிது இரத்தம் எடுத்துக்கொண்டு போனாள். சில நாள் கழித்து உச்சிவேளைக்குச் சற்று முன்னால் திரும்பி வந்து, குட்டிகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

“என்ன தாயி?” என்றாள் ஒச்சாயி. “இதுகளுக்கும் நோவா?”

“இல்லீங்கக்கா. நல்லா இருக்குதுக.”

“பெறகென்ன?”

“இதுகளுக்கும் அந்தக் காய்ச்சல் தெரியுதுங்க. முழுச் சட்டையும்.”

“காச்சல் வந்தப்ப இதுக பொறக்கவே இல்லையே.”

“பால்லங்க.” கீர்த்தனா வெள்ளச்சியைப் பார்த்தாள். வாரியத்தில் அதை நேராகப் பார்த்தவள் அவள் ஒருத்திதான். “முதப்பால்ல அம்மாவோட எதிர்ப்புச் சக்தி வந்துருமுங்க. செல்லுகளும் கொஞ்சம் வரும். கொஞ்ச நாளைக்கு அம்மாவுக்குத் தெரிஞ்சதெல்லாம் குட்டிக்கும் தெரியும்.” பிறகு, “ரிப்போர்ட்ல தாய் பேரு கேப்பாங்க. நான் எதும் எழுதலீங்கக்கா. ரத்தத்தை வாஷ்பேசின்ல ஊத்திட்டேன்,” என்றாள்.

அப்போது ஒலிபெருக்கிகள் தொடங்கின. ஒச்சாயியின் இடுப்பில் செருகியிருந்த போனும் ஒலித்தது. அவள் வழக்கம்போல அதை எடுத்து, பட்டிகளை நோக்கி நீட்டினாள். கோணக்காதன் கத்தினான், இருமினான். வெள்ளச்சியிடம் பால் குடித்துக்கொண்டிருந்த குட்டிகள் காம்பை விட்டுத் தலை தூக்கின. அவை இதுவரை இப்படிச் செய்ததில்லை. கம்பி இடுக்கில் நுழைந்து, ஒன்றன்பின் ஒன்றாக வெற்றுப் பட்டிக்குள் ஓடி, மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து படுத்தன.

அந்த மூலை ஒச்சாயிக்குத் தெரியும். அவள் போனை ஏந்திய கையோடு குனிந்து, மறுகையால் ஒரு குட்டியின் காதைத் தொட்டாள். குளிர்ச்சியாக இருந்தது. இன்னொன்றைத் தொட்டாள். காய்ச்சல் இல்லை. கீர்த்தனா எழுந்து நின்றுகொண்டிருந்தாள்.

அந்த நேரத்தில் மின்சாரம் போயிற்று. இறந்தவையெல்லாம் பாதிக் கத்தலில் நின்றன.

ஆய்வுக் குழு வந்த நாளிலிருந்து, உச்சிவேளையில் கொட்டகையில் அப்படியோர் அமைதியை ஒச்சாயி கேட்டதில்லை. போனில் மறுமுனை மூச்சை அடக்கிக் காத்திருப்பது தெரிந்தது. சத்தம் நின்றால் ஜீப் வரும். ஜீப் வந்தால் படுதாவை இழுக்க நேரமிருக்காது.

மூலையில் குவிந்திருந்த குட்டிகளில் ஒன்று கத்தியது. பிறகு எல்லாம் கத்தின. பசித்த கத்தல், விட்ட இடத்திலிருந்து தொடங்கியது போலிருந்தது. வெளியே வெள்ளச்சி கம்பியில் மூக்கை வைத்து, தாழ்ந்த குரலில், நெடுநாளைக்குப் பிறகு, பதில் கொடுத்தது. இம்முறை பட்டிக்குள்ளிருந்து குட்டிகள் அதனிடம் ஓடிவந்தன.

“பிரமாதமுங்க அம்மணி,” என்றது போன். “இன்னைக்குத்தான் அசல் மாதிரியே கேக்குதுங்க. அந்த ஸ்பீக்கர்ல யாரையும் கைவைக்க விட்டுராதீங்க.”

ஒச்சாயி வெள்ளச்சியின் முதுகில் கை வைத்தாள். அது சூடாக, உயிரோடு இருந்தது.

“விடமாட்டேன் சார்,” என்றாள்.